அவசர ஊர்தி வரும் வரை

தமிழ்நாட்டில் '108' அவசர ஊர்தி சேவை 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தொடங்கப்பட்டது. அன்று பிறந்த குழந்தைகள் இன்று பள்ளிப் படிப்பை முடிக்கும் பருவத்தை எட்டிவிட்டனர். ஒரு தலைமுறைக்குள் அந்த மூன்று இலக்க எண் படித்தவர், படிக்காதவர் அனைவரின் நாவிலும் பதிந்துவிட்டது. 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குகிறது. 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, நெஞ்சுவலியுடன் வருபவருக்குத் தேவையான முதற்கட்ட மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இருப்பு வைக்கப்படுகின்றன. இவை குறித்து நாம் பெருமைப்படலாம்.

ஆனால், இவையனைத்தும் செயல்படத் தொடங்குவது ஊர்தி வந்து நின்ற பிறகுதான். அல்லது நோயாளி மருத்துவமனை வாயிலை அடைந்த பிறகுதான். விழுந்த நொடிக்கும் ஊர்தி வந்து நிற்கும் நொடிக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. நகரத்தில் அது சில நிமிடங்கள். நெரிசல் மிகுந்த மாலை வேளையில் இன்னும் சில நிமிடங்கள். மலைக் கிராமத்தில் அதற்கும் மேல். அந்த நேரத்தில் நோயாளியின் அருகில் இருப்பவர்கள் மனைவி, மகன், பக்கத்து இருக்கைப் பயணி, காவலாளி, கடைக்காரர் ஆகியோரே. அந்த நிமிடங்களை அவர்கள் எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்று நாம் எவருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பொருளாதார வகுப்பில் இறுதிநிலைப் பயன்பாடு என்ற கருத்தைத் தண்ணீர்க் குவளையை வைத்து விளக்குவது வழக்கம். தாகம் எடுத்தவருக்கு முதல் குவளை தரும் பயனை ஐந்தாவது குவளை தராது. உயிர் காக்கும் நிமிடங்களுக்கும் இந்த விதி பொருந்தும். இதயத் துடிப்பு திடீரென நின்றுபோன ஒருவருக்கு எவ்வித உதவியும் கிடைக்காவிட்டால், கடந்து செல்லும் ஒவ்வொரு நிமிடமும் அவர் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைத்துவிடுகிறது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. பிராணவாயு இல்லாமல் மூளை நான்கைந்து நிமிடங்களிலேயே சேதமடையத் தொடங்குகிறது. பத்து நிமிடங்கள் கழித்து எத்தனை திறமையான மருத்துவக் குழு வந்தாலும் அவர்கள் கையில் மிஞ்சியிருப்பது மிகச் சிறிய வாய்ப்பே. தீவிர சிகிச்சைப் பிரிவில் நாளொன்றுக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவிட்டும் மீட்க முடியாத ஒன்றை, முதல் நிமிடத்தில் பக்கத்தில் நின்ற ஒருவர் தம் இரு கைகளாலேயே காப்பாற்றியிருக்க முடியும். நாமோ கடைசி நிமிடங்களுக்குக் கோடிகளை ஒதுக்கிவிட்டு, முதல் நிமிடங்களை விதியின் பொறுப்பில் விட்டுவைத்திருக்கிறோம்.

விபத்து நடந்த இடத்தில் மக்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள், மனிதநேயம் மங்கிவிட்டது என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இந்தக் குற்றச்சாட்டில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. படம் எடுப்பவர் சிலர் இருக்கவே செய்கிறார்கள். ஆனால், கூர்ந்து கவனித்தால், சோடா வாங்க ஓடுபவர், விசிறிவிடுபவர், ஆட்டோவை மறிப்பவர், விழுந்தவரின் வீட்டுக்குத் தகவல் சொல்ல முயல்பவர் என்று உதவ முனைபவர்களே மிகுதி. இரக்கத்துக்கு நம்மிடையே பஞ்சம் வந்துவிடவில்லை. பயிற்சிக்குத்தான் பஞ்சம். நினைவிழந்தவர் வாயில் ஊற்றப்படும் சோடா வயிற்றுக்குச் செல்லாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கக்கூடும். முதுகெலும்பில் அடிபட்டவரைக் கைகால்களைப் பிடித்து மடக்கி ஆட்டோவில் திணிக்கும்போது, மீண்டும் நடக்க வாய்ப்பிருந்தவர் வாழ்நாள் முழுவதும் படுக்கையில் கிடக்க நேரிடலாம். நல்லெண்ணத்தால் விளைந்த தீங்கு என்பதால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நம் வீடுகளில் முதலுதவி அறிவே இல்லை என்று சொல்ல முடியாது. நிறைய இருக்கிறது, அதில் ஒரு பகுதி தவறானது. கொதிக்கும் எண்ணெய் தெறித்த கையில் பேனா மையை ஊற்றுவது, பற்பசை பூசுவது, மாவைக் கொட்டுவது ஆகியவை இன்றும் நடக்கின்றன. செய்ய வேண்டியது மிக எளிது: குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் 20 நிமிடங்கள் காட்ட வேண்டும். இருபது நிமிடங்கள் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம். பெரும்பாலானோர் இரண்டு நிமிடங்களில் கையை எடுத்துவிடுவார்கள். தோலின் மேற்பரப்பு குளிர்ந்த பிறகும் உள்ளே வெப்பம் தங்கியிருந்து திசுக்களைத் தொடர்ந்து எரித்துக்கொண்டிருக்கும் என்பதால்தான் இவ்வளவு நேரம். வீக்கம் தொடங்கும் முன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும். பனிக்கட்டி வைப்பது கூடாது. புண்ணோடு ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக் கூடாது.

நாய் கடித்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் வைத்துக் கட்டும் வழக்கம் முற்றிலும் மறையவில்லை. கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவுவதே முதல் சிகிச்சை. பிறகு தாமதமின்றித் தடுப்பூசி. வெறிநோய் வெளிப்பட்ட பின் அதைக் குணப்படுத்த மருந்து இல்லாத நிலையில், அந்தக் கால் மணி நேரக் கழுவலின் மதிப்பை எண்ணிப் பாருங்கள். மண்ணெண்ணெயைத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிட்ட குழந்தைக்கு உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பதும் ஆபத்தானது. வெளியே வரும் மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் புகுந்தால் வயிற்றில் இருந்ததைவிடப் பெரிய கேடு விளைவிக்கும். குடித்த பொருளின் புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைவதே சரி. வெட்டுக்காயத்தில் இரத்தம் பீறிட்டால் காபித்தூளைத் தேடி ஓடாமல், சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று நொடிக்கொரு முறை துணியை எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கிய இரத்தம் மீண்டும் பெருகும்.

பாம்புக்கடியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இறந்தோரில் பெரும்பாலோர் கிராமப்புறத்தினர். வயலில் இறங்கி வேலை செய்பவர்கள், தரையில் பாய் விரித்து உறங்குபவர்கள். இந்தியாவில் பயன்படும் முறிமருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் பொதுவானது. அம்மருந்தைத் தயாரிக்கத் தேவையான நஞ்சைப் பல்லாண்டுகளாகத் திரட்டித் தருபவர்கள், சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. ஆக, மருந்தின் மூலப்பொருளைத் தருவதே நம் மாநிலம். ஆனாலும், கடிபட்டவர் மருந்து இருக்கும் இடத்தை வந்தடைவதற்குள் நேரம் கடந்துவிடுகிறது.

அந்த நேரம் எங்கே போகிறது? கடிவாயைக் கத்தியால் கீறி, வாயால் உறிஞ்சி, மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டி, மந்திரிப்பவரிடம் அழைத்துச் சென்று, பாம்பைத் தேடி அடிப்பதில் போகிறது. இவற்றில் ஒன்றுகூடப் பயன் தருவதில்லை. இறுக்கிக் கட்டிய கயிறு இரத்த ஓட்டத்தை நிறுத்திக் காலையே இழக்கச் செய்யலாம். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில் உறங்குபவரைக் கடிக்கிறது. வலியும் வீக்கமும் இல்லாததால் கடித்ததே தெரியாமல் போகும். விடிகாலையில் வயிற்றுவலி, இமை சரிதல், பேச்சுக் குழறல் என்று தொடங்கினால் ஐயப்பட வேண்டும். செய்ய வேண்டியவை சிலவே: கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்கவைத்து, எலும்பு முறிந்த காலுக்குச் செய்வதைப் போலக் கட்டை வைத்து அசையாமல் கட்டி, மெட்டி, மோதிரம், கொலுசு ஆகியவற்றைக் கழற்றி, முறிமருந்து உள்ள மருத்துவமனைக்கு நேராகக் கொண்டு செல்ல வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்வது மருத்துவருக்கு உதவும். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது நல்ல தொடக்கம். கணக்கு சரியாகக் கிடைத்தால்தான் எந்த வட்டாரத்தில் பயிற்சி முதலில் தேவை என்பது விளங்கும்.

இனி, மிகக் குறைந்த நேரத்தில் கற்றுக்கொண்டு மிகப் பெரிய பயனைத் தரக்கூடிய ஒரு திறனுக்கு வருகிறேன். சிபிஆர் என்று பரவலாக அழைக்கப்படும் நெஞ்சழுத்த மீட்பு முறை அது. மாரடைப்பும் இதயத்துடிப்பு நிற்பதும் ஒன்றல்ல என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். மாரடைப்பில் இதயத் தசைக்குச் செல்லும் குழாய் அடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் நினைவுடன் இருப்பார், வலியைச் சொல்வார். அவரை விரைந்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். நெஞ்சை அழுத்தத் தேவையில்லை. இதயம் இரத்தத்தை வெளியேற்றும் வேலையையே நிறுத்திவிடும்போது மனிதர் நொடிகளில் சரிந்துவிடுவார். தோளைத் தட்டி உரக்கக் கூப்பிட்டாலும் அசைய மாட்டார். மூச்சு இருக்காது, அல்லது நீண்ட இடைவெளியில் திணறித் திணறி வாய் திறக்கும். அந்தத் திணறலை மூச்சு என்று எண்ணிப் பலர் காத்திருந்துவிடுகிறார்கள். பத்து நொடிகளுக்கு மேல் ஆராய்ந்துகொண்டிருக்கக் கூடாது.

அருகில் இருப்பவர் ஒருவரை 108-க்கு அழைக்கச் சொல்லிவிட்டு, நோயாளியை உறுதியான தரையில் மல்லாக்கக் கிடத்த வேண்டும். மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மற்றொரு கையை வைத்து, முழங்கைகளை மடக்காமல் உடல் எடையைச் செலுத்தி அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 6 சென்டிமீட்டரைத் தாண்டாமல் மார்பு உள்ளே செல்ல வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுமையாக மேலெழ இடம்தர வேண்டும். இரண்டு நிமிடங்களில் கை ஓய்ந்துவிடும். எனவே, வேறொருவர் மாற்றிக்கொள்ள வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்குபவர்கள் நெஞ்சை மட்டும் அழுத்தினாலும் போதும். குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் மட்டும் மூச்சூட்டலும் இன்றியமையாதது. பயிற்சியில் அதைச் சொல்லித் தருவார்கள்.

விலா எலும்பு முறிந்துவிடுமோ என்ற அச்சம் எல்லோருக்கும் உண்டு. முறியவும் கூடும். முறிந்த விலா ஓரிரு மாதங்களில் கூடிவிடும். நின்ற இதயம் தானாக ஓடத் தொடங்காது.

நெஞ்சைத் திறக்காமலேயே வெளியிலிருந்து அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தக்கவைக்க முடியும் என்று 1960-இல் உலகுக்கு அறிவித்தவர்கள் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மூவர். அவர்களில் மூத்தவரான கூவன்ஹோவன் மின்பொறியியல் பேராசிரியர் என்பது சுவையான செய்தி. அதே ஆண்டில் நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால், பயிற்சிக்கான மனித உருவப் பொம்மையை உருவாக்கினார். பாரிஸ் நகரின் சென் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முக வார்ப்பையே அந்தப் பொம்மைக்குச் சூட்டினார். மருத்துவர் அல்லாத இருவரின் பங்கு இல்லாமல் இக்கலை இவ்வளவு பரவியிருக்காது.

சாதாரண மக்களிடம் இத்தகைய பொறுப்பை ஒப்படைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. ஏற்றத் தெரிந்த பணியாளர்களும் போதவில்லை. மருத்துவர் திலிப் மகலனாபிஸ், சர்க்கரையும் உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களே எடுத்துப் புகட்டச் செய்தார். 30 சதவீத அளவில் இருந்த இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அவரது மறைவுக்குப் பின் 2023-இல் பத்ம விபூஷண் வழங்கி நாடு அவரைப் போற்றியது. தாயின் கையில் கொடுத்தால் மருத்துவம் தரம் தாழ்ந்துவிடும் என்று அன்று தயங்கியிருந்தால் அந்த உயிர்கள் போயிருக்கும்.

நெஞ்சழுத்தத்துக்கு டென்மார்க்கின் அனுபவம் சான்று. அந்நாடு 2005-இல் பள்ளிகளிலும் அடுத்த ஆண்டில் ஓட்டுநர் உரிமம் பெறுவோருக்கும் உயிர்மீட்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் அருகிலிருந்தோரால் நெஞ்சழுத்தம் பெற்றவர்கள் 2001-இல் 21 சதவீதம். 2010-இல் 45 சதவீதம். முப்பது நாள்களுக்குப் பிறகும் உயிருடன் இருந்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமாக உயர்ந்தனர். இந்த உயர்வு முழுவதற்கும் பயிற்சியே காரணம் என்று கூறுவது சரியாகாது. மருத்துவமனைச் சிகிச்சையும் அந்தக் காலத்தில் மேம்பட்டது. அதைக் கழித்துப் பார்த்தாலும், பத்தே ஆண்டுகளில் உயிர் பிழைப்போர் விகிதத்தை மும்மடங்காக்கிய ஒரு முயற்சியில் அதன் பங்கு சிறியதாக இருக்க முடியாது.

அப்படியானால் இவ்வளவு பயனுள்ள திறனை மக்கள் ஏன் தாமாகவே கற்றுக்கொள்வதில்லை? சோம்பல் ஒரு காரணமாக இருக்கலாம். அதைவிட ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது. முதலுதவி கற்றவருக்கு அதனால் நேரடிப் பயன் இல்லை. நான் நெஞ்சழுத்தம் கற்றுக்கொண்டால், என் இதயம் நிற்கும்போது அது எனக்குச் சிறிதும் உதவாது. எனக்கு உதவப்போவது என் பக்கத்து வீட்டுக்காரர் கற்ற கல்வி. அவருக்கு உதவப்போவது நான் கற்ற கல்வி. கணினியோ ஆங்கிலமோ கற்றால் ஊதியம் உயரும். ஆகவே, அதற்குப் பயிற்சி மையங்கள் தெருவுக்குத் தெரு முளைக்கின்றன. பயன் பிறருக்குப் போய்ச் சேரும் பொருளைச் சந்தை போதிய அளவில் வழங்காது. இதை நாங்கள் நேர்மறைப் புறவிளைவு என்போம். தடுப்பூசியும் தொடக்கக் கல்வியும் அரசின் கடமையானதற்கு என்ன நியாயமோ, அதே நியாயம் முதலுதவிப் பயிற்சிக்கும் உண்டு.

உதவச் செல்பவருக்கு இருந்த இழப்பும் சிறியதன்று. காவல் நிலையத்துக்கு அலைய வேண்டும், நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டும், மருத்துவமனையில் முன்பணம் கட்டச் சொல்வார்கள் என்ற அச்சம் நெடுங்காலம் நியாயமானதாகவே இருந்தது. இந்த நிலை சட்டத்தில் மாறிவிட்டது. செய்திதான் மக்களைச் சென்றடையவில்லை. உதவுவோரைப் பாதுகாக்க மத்திய அரசு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளுக்கு 2016 மார்ச்சில் உச்சநீதிமன்றம் சட்ட வலிமை தந்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவின்படி, சாலை விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுபவர்மீது, உதவியின்போது நேர்ந்த பிழைக்காக உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடர முடியாது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் கூடாது. சாலை விபத்து அல்லாத பிற நேர்வுகளுக்கு இப்பிரிவு பொருந்தாது. ஆயினும், ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன், அவரது இசைவைப் பெற இயலாத நிலையில் செய்யும் செயல் குற்றமாகாது என்ற பழைய பாதுகாப்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவில் இருந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆவது பிரிவில் தொடர்கிறது. நடைமேடையில் சரிந்தவரின் நெஞ்சை அழுத்துபவர் சட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

விபத்தில் சிக்கியவரைக் காப்பாற்றுவோருக்கு மத்திய அரசு 2021 முதல் ரூ.5,000 பரிசு வழங்கி வந்தது. 2025-இல் அது ரூ.25,000 ஆக உயர்த்தப்பட்டது. பாராட்டுக்குரியதுதான். ஆனால், பணம் தந்தால் மக்கள் உதவுவார்கள் என்ற எண்ணத்தில் எனக்கு ஐயம் உண்டு. இரத்த தானத்துக்கு விலை வைப்பது தானம் செய்யும் மனப்பான்மையைக் குலைக்கும் என்று பிரிட்டன் அறிஞர் ரிச்சர்ட் டிட்மஸ் 1970-இல் வாதிட்டார். அந்த விவாதம் பொருளாதார உலகில் இன்னும் ஓயவில்லை. எப்படியிருப்பினும், என்ன செய்வதென்று அறியாத ஒருவருக்குப் பரிசு அந்த அறிவைத் தந்துவிடாது. பரிசளிக்கும் அதே அக்கறையில் ஒரு பகுதியைப் பயிற்சிக்குத் திருப்பினால் பலன் கூடும்.

பயிற்சியில் முதல் பாடமாக இருக்க வேண்டியது, உதவப் போகிறவர் தம்மைக் காத்துக்கொள்வது. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர் மயங்க, அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்க, மூன்றாமவரும் இறங்கி மாண்ட செய்திகளை நாம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். ஆற்றிலும் கிணற்றிலும் இதே துயரம். மூழ்கும் தம்பியைப் பிடிக்க அண்ணன் குதிக்கிறான், நீச்சல் தெரியாத தாயும் குதிக்கிறாள். கயிறோ, முடிச்சிட்ட சேலையோ, மூடிய காலிக் குடமோ எறிந்து இழுக்கலாம் என்ற எண்ணம் அந்தப் பதற்றத்தில் தானாக வராது. முன்பே பழகியிருந்தால்தான் வரும். மின்சாரம் தாக்கியவரைத் தொடுவதற்கு முன் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பதும் அப்படித்தான்.

நான் பணியாற்றிய ஆண்டுகளில் ஒரு கல்லூரி உணவகத்தில் நேரில் கண்டது இது. உணவு தொண்டையில் அடைத்து ஒரு பணியாளர் பேச முடியாமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். சுற்றி நின்ற பேராசிரியர்கள் பலர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். தண்ணீர் கொடுக்கலாமா, கூடாதா என்று பேசிக்கொண்டிருந்தோம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் பயிற்சி பெற்றிருந்த இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி அவரை முன்னோக்கிக் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கி ஐந்து முறை தட்டினாள். பலன் இல்லை. பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே முட்டியை வைத்து, மறுகையால் பற்றி, உள்நோக்கியும் மேல்நோக்கியும் இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் அடைப்பு வெளியே வந்தது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இப்படி வயிற்றை அழுத்தக் கூடாது, முதுகில் தட்டி மார்பைத்தான் அழுத்த வேண்டும் என்று பிறகு அவளே எங்களுக்கு விளக்கினாள்.

அந்த மாணவிக்குக் கிடைத்தது சில மணி நேரப் பயிற்சியே. 12 வயது முதல் பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 2 மணி நேரம் உயிர்மீட்புப் பயிற்சி தரலாம் என்ற பரிந்துரைக்கு உலக சுகாதார அமைப்பு 2015-இல் ஆதரவு தெரிவித்தது. ஆண்டுக்கு இருநூறு நாள்களுக்கும் மேல் நடக்கும் பள்ளியில் இரண்டு மணி நேரம் என்பது ஒரு சுமையே அன்று. விலை உயர்ந்த பொம்மை இல்லாத பள்ளியில் கெட்டியான தலையணையில் பழகலாம். உடற்கல்வி ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி அளித்தால் அவர்கள் ஆண்டுதோறும் கற்பிப்பார்கள். தேர்வும் மதிப்பெண்ணும் வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. மதிப்பெண் வந்த உடனே இது செய்முறையை விட்டு மனப்பாடமாகிவிடும்.

தமிழ்நாட்டில் பேருந்து நடத்துநர் உரிமம் பெற முதலுதவிச் சான்றிதழ் கேட்பது நெடுநாள் நடைமுறை. ஓட்டுநர் உரிமத்துக்கு ஜெர்மனியில் 45 நிமிடங்கள் கொண்ட ஒன்பது பாட வேளைகள் முதலுதவி கற்றாக வேண்டும். நாமும் நடத்துநரிடம் கேட்பதை ஓட்டுநரிடமும் கேட்கலாம். சான்றிதழ் வெறும் தாளாகிவிடாமல் உண்மையான பயிற்சிக்குப் பின் வழங்கப்பட வேண்டும் என்பதே நிபந்தனை. பேருந்துகளில் ஓட்டுநர் இருக்கைக்கு அருகே இருக்கும் முதலுதவிப் பெட்டியின் கதையை வாசகர்கள் அறிவார்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டியும், அதன் பொறுப்பில் பயிற்சி பெற்ற ஒருவரும் இருக்க வேண்டும் என்று விதித்தது. பெட்டிக்கு மட்டும் விதி செய்தால் போதாது, அதைத் திறக்கத் தெரிந்த மனிதரும் வேண்டும் என்று அன்றே உணர்ந்திருந்தார்கள். கிராமங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களும், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் பெண் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். புதிய அமைப்பு எதையும் உருவாக்கத் தேவையில்லை.

ஒரு முறை கற்றதோடு முடிவதும் இல்லை. பயன்படுத்தாத இத்திறன் ஆறு மாதங்களிலேயே மங்கத் தொடங்குகிறது. எந்திரத்துக்குத் தேய்மானம் ஒதுக்கும் நாம் மனிதத் திறனுக்கும் ஒதுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை அரை மணி நேரம் மீண்டும் பழகினால் கை மறக்காது.

இதயம் நின்றுபோகும் நிகழ்வுகளில் பெரும்பாலானவை வீட்டில்தான் நேர்கின்றன. அறுபதைக் கடந்த என் போன்றோரின் வீடுகளில் பகல் பொழுதில் இருப்பவர்கள் வயதான மனைவியும், வேலைக்கு வரும் பெண்மணியும், கீழே காவலாளியும்தான். மகனும் மகளும் வேறு ஊரில், வேறு நாட்டில். எனவே, எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் கடந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தபோது, வீட்டு உரிமையாளர்களுக்கு முன் காவலாளிகளையும் வீட்டு வேலை செய்யும் பெண்களையும் அழைக்க வேண்டும் என்று வலியுறுத்தினேன். செலவு, இரண்டு பயிற்சியாளர்களின் போக்குவரத்தும் தேநீரும்.

பொம்மையின் மார்பை மிகச் சரியான ஆழத்தில் அழுத்தியவர் மாவாட்டிப் பழகிய கைகளுடைய ஒரு பெண்மணி. இறுதியில் ஐயம் கேட்கலாம் என்றபோது எழுந்தவரும் அவரே. "எம் மகனுக்கு வலிப்பு வருதுங்கய்யா. வரும்போதெல்லாம் கையில சாவிக்கொத்தைக் குடுத்து அழுத்திப் புடிச்சுக்குவோம். அது சரிங்களா?" என்றார். சாவி தேவையில்லை, கைகால்களை அழுத்திப் பிடிக்கவும் கூடாது, வாய்க்குள் கரண்டியோ துணியோ வைக்கவே கூடாது என்று பயிற்சியாளர் விளக்கினார். தலைக்கு அடியில் துணியை மடித்து வைத்து, இடிபடும் பொருள்களை அகற்றி, வெட்டு நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடங்களைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள் என்றார். அவர் அதைக் குறித்துக்கொள்ளத் தாள் கேட்டார். பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க இன்னொரு பிரதியும் வேண்டும் என்றார். அங்கேயும் மகன் கையில் சாவியைத்தான் கொடுக்கிறார்களாம்.